டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே: அறுவடை இயந்திரங்களும் காப்புரிமை ஆய்வும்



நெல் அறுக்கும் இயந்திரத்தில் எஞ்சினின் விசை எந்த வழியாக எங்கெங்கே போகிறது, அந்த வழியில் ஒருவர் செய்யும் மாற்றத்தைக் காப்புரிமை அலுவலகம் எப்படி எடைபோடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. இதைச் சென்னையில் பேசுவதைவிட இந்தச் சேலம், நாமக்கல் பக்கத்தில் பேசுவது பொருத்தம். தை பிறந்ததும் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் இறங்கும் அறுவடை வண்டிகளில் கணிசமானவை ஆத்தூர், சேலம், நாமக்கல், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் ஏறிப் போனவை. வண்டி எந்தத் தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும் அதைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அடுத்த பருவத்துக்குத் தயார் செய்கிற கை இந்த ஊர்க் கை. லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளில் திருச்செங்கோடும் நாடறிந்த ஊர்கள். ஒரு எஞ்சினிலிருந்து நாலு வேலைக்கு விசையைப் பிரித்து எடுப்பது இந்தச் சமவெளியில் பள்ளிக்கூடம் போகாமலே கற்றுக்கொள்ளும் வித்தை.

முதலில் இயந்திரத்துக்குள் போவோம். சட்டம் பின்னால் வரட்டும்.

கம்பைன் வண்டி ஒரே நேரத்தில் குறைந்தது ஐந்து வேலை செய்கிறது. முன்னால் ரீல் பயிரைச் சாய்த்துக் கொடுக்கிறது. கட்டர் பார் அறுக்கிறது. எலிவேட்டர் கதிரை மேலே ஏற்றுகிறது. டிரம் அடித்து மணியைப் பிரிக்கிறது. சல்லடையும் காற்றாடியும் பதரை ஓட்டுகின்றன. இத்தனைக்கும் நடுவே வண்டி நகரவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே எஞ்சின்.

கட்டர் பாரின் கத்தி இடவலமாக ஓடுகிறது. உலகெங்கும் வழக்கத்தில் உள்ள கத்தியின் ஓட்டம் 76.2 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். சுழலும் ஷாஃப்டிலிருந்து இந்த இடவல ஓட்டத்தை எடுக்கப் பழைய வண்டிகளில் பிட்மேன் கம்பி இருந்தது. பிறகு வாபிள் பாக்ஸ் வந்தது. டிரம்முக்கு வேண்டியது சுழற்சி மட்டும்தான், ஆனால் அந்த வேகத்தில் தவறு கூடாது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால் அதன் பல் முனை நொடிக்கு சுமார் 22 மீட்டர் வேகத்தில் கதிர்மேல் மோதுகிறது. நெல்லுக்கு ஏறத்தாழ அது சரி. அதற்கு மேல் ஏற்றினால் அரிசி நொறுங்கும். இறக்கினால் மணி வைக்கோலோடு போய்விடும். அதே டிரம்மில் மக்காச்சோளம் அடிக்க வேண்டுமென்றால் வேகம் இன்னும் குறைய வேண்டும். நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகும் மக்காச்சோளம் தலைவாசல், ஆத்தூர் வயல்களில் எவ்வளவு விளைகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வேகத்தை மாற்றும் வசதி இங்கே ஆடம்பரமல்ல. இரண்டு கூம்புத் தட்டுகளாகப் பிளந்த புல்லியை நெருக்கினால் பெல்ட் வெளிவிளிம்புக்கு ஏறும், விரித்தால் உள்ளே இறங்கும். வேரியேட்டர் என்பது இவ்வளவுதான்.

இனி மையமான சிக்கல். குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது, வைக்கோல் ஈரம், பயிர் சாய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் மெதுவாகப் போக நினைக்கிறார். ஆக்சிலரேட்டரைத் தணித்தால் வண்டி மெதுவாகும், ஆனால் டிரம்மும் கூடவே மெதுவாகும். ஈர வைக்கோல் மேலும் சுருட்டிக்கொள்ளும். டிரம் ஜாம். அப்புறம் வண்டியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, அரிவாளால் அறுத்து அறுத்து வைக்கோலை வெளியே இழுக்க வேண்டும். வாடகை மணிக்கணக்கு, நிலத்துக்காரர் வரப்பில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனவே எஞ்சினும் டிரம்மும் ஒரே வேகத்தில் ஓட, நகரும் வேகம் மட்டும் தனியாகக் குறைய வேண்டும். ஓட்டத்துக்கு ஒரு வழி, அடிப்புக்கு ஒரு வழி என்று விசையைப் பிரித்து, ஒன்றை மட்டும் தணிக்க வேண்டும். பெல்ட் வேரியேட்டரிலிருந்து இன்றைய ஹைட்ரோஸ்டேடிக் டிரான்ஸ்மிஷன் வரை எத்தனையோ அமைப்புகள் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் வளர்ந்தன. வண்டி டிராக்கில் ஓடும் பெல்ட் வண்டியானாலும் டயர் வண்டியானாலும் அதன் தரம் டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு உரிமை கொடுக்கும் பழக்கம் 1856இல் தொடங்கியது. அந்த ஆண்டின் ஆறாவது சட்டத்தின்கீழ் முதல் விண்ணப்பம் போட்டவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர். கண்டுபிடிப்பு, பங்கா இழுக்கும் இயந்திரம். கூரையில் தொங்கும் விசிறியை இழுக்க ஆளுக்குப் பதில் ஓர் இயந்திரம். விசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துவதில்தான் நம் காப்புரிமைப் பதிவேடே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அமெரிக்காவில் அறுவடை இயந்திரம் வழக்கு மன்றங்களை நிரப்பிய கதை நீளமானது. சைரஸ் மெக்கார்மிக் 1834இல் காப்புரிமை பெற்றார். ஓபெட் ஹஸ்ஸி அவரை முந்தி 1833 டிசம்பர் கடைசி நாளில் பெற்றிருந்தார். அந்த இயந்திரங்களில் எஞ்சின் கிடையாது. குதிரை இழுக்க, தரையில் உருளும் சக்கரமே கியர் வழியாகக் கத்தியை ஆட்டும். மெக்கார்மிக்கின் மூல உரிமை 1848இல் முடிந்தது, நீட்டிப்புக் கேட்டும் கிடைக்கவில்லை. சக்கரம், கியர், கத்தி என்ற மூல அமைப்பு அன்றோடு பொதுச் சொத்து. பிறகு அவர் மேனி என்பவர்மீது தொடுத்த வழக்கு, பயிரைப் பிரித்துவிடும் தடுப்பு எப்படி இருக்க வேண்டும், ரீலை எங்கே தாங்க வேண்டும் என்பன போன்ற சின்னச் சின்ன விவரங்களைப் பற்றியது. மேனி தரப்பு அமர்த்திய வழக்கறிஞர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். சின்சினாட்டியில் வழக்கு நடந்தபோது மூத்த வழக்கறிஞர்கள் அவரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மேனி வென்றார். மூல அமைப்பு எல்லோருக்கும் சொந்தமான பிறகு சண்டை விவரங்களுக்கு இறங்கிவிடும். இன்று காப்புரிமை ஆய்வாளர் மேசைக்கு வரும் அறுவடை இயந்திர விண்ணப்பங்கள் பெரும்பாலும் இந்த விவரச் சண்டைகள்தான்.

சென்னை கிண்டியில் உள்ள நம் காப்புரிமை அலுவலகத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் அங்கேதான் போகின்றன. ஆளும் சட்டம் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 1959இல் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் கொடுத்த அறிக்கை அதன் அடித்தளம். 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியிடப்படும். ஆய்வு செய்யுங்கள் என்று தனியாக மனுப் போட வேண்டும். முன்பு அதற்கு 48 மாத அவகாசம், 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு 31 மாதம். ஆய்வாளர் தேடிப் பார்த்து முதல் ஆய்வறிக்கையில் ஆட்சேபங்களை எழுதுவார். ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தேடுவது எப்படி? உலகக் காப்புரிமை ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வகைப்பாடு உண்டு. அறுவடை ஏ01டி. அதில் 69ஆம் பிரிவு அறுவடை இயந்திரங்களின் இயக்க அமைப்பு. 69/06 கியர், 69/08 கிளட்ச். டிரம்மை ஓட்டும் அமைப்பு ஏ01எஃப் 12/56. பெல்ட்டை இறுக்கும் வழிகள் வேளாண்மையிலேயே இல்லை, எஃப்16எச் 7இல் இருக்கின்றன. அதிக பளு வந்தால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச் எஃப்16டி 7இல். பழகாத விண்ணப்பதாரர் அறுவடைப் பிரிவில் மட்டும் தேடிவிட்டு, உலகத்தில் யாருமே செய்யவில்லை என்று மகிழ்ந்து விண்ணப்பம் போடுவார். ஆய்வாளர் எஃப்16இல் போய் ஏதாவது ஒரு நெசவு ஆலை இயந்திரத்தில் அதையே கண்டுபிடித்துக்கொண்டு வருவார்.

கற்பனையாக ஒரு விண்ணப்பம் எடுத்துக்கொள்வோம். டிரம்முக்குப் போகும் பெல்ட்டை ஒரு ஸ்பிரிங் கையில் மாட்டிய இறுக்கும் புல்லி தாங்குகிறது. பளு ஏறும்போது பெல்ட் விறைத்து அந்தக் கையைத் தள்ளுகிறது. கை நகர்ந்தால் அதோடு இணைத்த கம்பி முன்னால் பயிரை அறுத்து உள்ளே அனுப்பும் பகுதியான ஹெடரின் கிளட்ச்சை விடுவிக்கிறது. டிரம் திணறினால் பயிர் வரவு தானாக நிற்கும். டிரம் விழுங்கி முடித்ததும் மீண்டும் பிடிக்கும். ஆத்தூர்ப் பட்டறையில் ஒருவர் இதைச் செய்து விண்ணப்பித்தார் என்று வையுங்கள்.

ஆய்வாளர் இரண்டு பழைய ஆவணங்களை எடுத்து வைப்பார். ஒன்றில் ஸ்பிரிங் கையுள்ள இறுக்கும் புல்லி. இன்னொன்றில் கம்பியால் விடுபடும் ஹெடர் கிளட்ச். இரண்டும் தெரிந்தவை, சேர்த்து வைத்ததில் என்ன இருக்கிறது என்று கேட்பார். சட்டத்தின் 3(எஃப்) பிரிவையும் சுட்டுவார். தனித்தனியே தமக்குத் தெரிந்த வேலையைச் செய்யும் கருவிகளை வெறுமனே அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்பது அந்தப் பிரிவு.

இங்கேதான் விண்ணப்பம் பிழைக்கிறது அல்லது சாகிறது. மக்காச்சோளம் உதிர்க்கும் டிரம்மையும் தூற்றும் காற்றாடியையும் டிராக்டரின் விசை எடுக்கும் தண்டான பி.டி.ஓ.விலிருந்து இரண்டு பெல்ட்டில் ஓட்டினால் அது 3(எஃப்). டிரம் நின்றாலும் காற்றாடி தன்பாட்டுக்கு ஓடும். ஒன்றுக்கு இன்னொன்று தேவையில்லை. நம் கற்பனை விண்ணப்பத்தில் அப்படியில்லை. டிரம்மின் பளு ஹெடரை ஆளுகிறது, ஹெடர் நின்றதால் டிரம்மின் பளு குறைகிறது. இரண்டு பாகமும் ஒன்றையொன்று மாற்றுகின்றன. இதை விண்ணப்பத்தில் எழுதியிருக்க வேண்டும், அதுவும் உரிமைக் கோரிக்கையில். "ஒரு புல்லியும் ஒரு கிளட்ச்சும் ஒரு கம்பியும் கொண்ட இயந்திரம்" என்று எழுதினால் போச்சு. கை எந்தப் பளுவில் எந்தத் திசையில் நகர்ந்து எதை விடுவிக்கிறது, அதனால் என்ன ஆகிறது என்று எழுதினால் பேச இடமுண்டு. விசை கடத்தும் அமைப்புகளில் பாகம் புதிதாக இருப்பது அபூர்வம். கியரும் செயினும் பெல்ட்டும் நம் பாட்டன் காலத்தவை. உறவுதான் புதிதாக இருக்க முடியும்.

அப்போதும் கண்டுபிடிப்புப் படி என்ற சோதனை நிற்கிறது. ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், அத்தொழிலில் தேர்ந்தவருக்கு அது தெள்ளெனத் தோன்றக் கூடாது. இந்தச் சோதனைக்கு நம் நாட்டில் ஆணிவேரான தீர்ப்பு ஒரு லேத்தைப் பற்றியது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் கடையும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவிக்கு 1951ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த வழக்கில் 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்தது. கூர்முனையால் வேலையைத் தாங்கிப் பிடிப்பது லேத் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த பழைய வழி, இது பட்டறைத் திருத்தத்துக்கு மேல் போகவில்லை என்றது நீதிமன்றம். காப்புரிமை வழங்கப்பட்டது என்பதாலேயே அது செல்லும் என்று உத்தரவாதம் இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

அமெரிக்காவில் இதற்குச் சமமான வழக்கு இன்னும் நமக்கு நெருக்கம், ஏனென்றால் அது ஒரு கலப்பையைப் பற்றியது. பாறை நிலத்தில் உழும்போது கொழுக்கம்பி முறியாமல் ஸ்பிரிங்கில் தூக்கிக்கொடுத்துத் தாண்டும் பிடிப்பு. கிரகாம் என்பவர் கம்பியைக் கீல்தகட்டின் மேலிருந்து அடிப்பக்கத்துக்கு மாற்றி 1953இல் புதுக் காப்புரிமை வாங்கினார். கிரகாம் எதிர் ஜான் டீர் வழக்கில் 1966 பிப்ரவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தலைகீழாக மாட்டிப் பார்க்க எந்த நல்ல கைக்கும் தோன்றும் என்பதே சாரம். முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் எதுவும் எளிதாகத்தான் தெரியும். ரோஷ் எதிர் சிப்ளா வழக்கில் 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆய்வுப் படிகளை வரிசைப்படுத்தியபோது பின்னறிவால் முடிவு கட்டக் கூடாது என்று எச்சரித்தது அதற்காகத்தான். இயந்திர விண்ணப்பங்களில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. மருந்து மூலக்கூறைப் பார்த்து யாரும் இது எனக்குத் தெரியாதா என்று சொல்வதில்லை. கியரைப் பார்த்து எல்லோரும் சொல்வார்கள்.

போகிற போக்கில் இரண்டு பிரிவுகள். 3(எச்) பயிர்த்தொழில் முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. அறுவடை இயந்திரத்துக்கும் சிலர் அதை இழுப்பார்கள். முறை வேறு, கருவி வேறு, எளிதாகப் பதில் சொல்லலாம். 3(டி) நோவார்ட்டிஸ் மருந்து வழக்கால் புகழ்பெற்றது, ஆனால் தெரிந்த இயந்திரத்தின் வெறும் பயன்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்ற சொற்களும் அதில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதுவரை சொன்னது விண்ணப்பம் போடுகிறவர் பக்கம். போடாதவர் பக்கம் எனக்கு இன்னும் முக்கியம்.

சட்டம் "தொழிலில் தேர்ந்தவர்" என்று ஒரு கற்பனை மனிதரை நிறுத்தி, அவருக்கு எது தோன்றும் என்று கேட்கிறது. அந்த மனிதர் நிஜத்தில் எங்கே இருக்கிறார்? பட்டறை வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து இந்த அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கோப்பில் இல்லை. 13ஆம் பிரிவின்கீழ் ஆய்வாளர் தேடுவது முந்தைய விண்ணப்பங்களையும் வெளியான ஆவணங்களையும். பட்டறையில் பத்து வருடமாகச் செய்துவரும் மாற்றம் எந்த ஆவணத்திலும் ஏறாவிட்டால் ஆய்வாளருக்கு அது நடக்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆத்தூர் பட்டறைக்குள் எட்டிப் பார்க்க அவருக்குச் சன்னல் கிடையாது. இதனால் நீங்கள் பல காலமாகச் செய்துவரும் ஒன்றை எங்கோ ஒருவர் அழகான வரைபடத்தோடு எழுதிக் காப்புரிமை வாங்கிவிடலாம். பிறகு உங்கள் வாசலுக்கே நோட்டீஸ் வரலாம்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, அது ஆய்வாளர் கையில் இல்லை, உங்கள் கையில். 25(1) பிரிவில் விண்ணப்பம் வெளியானதிலிருந்து உரிமை வழங்கும் வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இந்தியாவில் ஏற்கெனவே பொதுவில் பயன்பட்டது என்பது ஒரு காரணம். உரிமை வழங்கிய அறிவிப்பு வந்து ஓராண்டுக்குள் பாதிக்கப்படுகிறவர் எதிர்க்க 25(2) உண்டு. அதற்குப் பின் 64ஆம் பிரிவில் ரத்து கேட்டு உயர் நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். தேதியுள்ள பில், தேதியுள்ள படம், பாகத்தை வாங்கியவரின் உறுதிமொழி. "எங்க ஊர்ல எல்லாரும் இதத்தான்ங்க பண்றோம்" என்பது உண்மையாக இருக்கலாம், ஆதாரம் ஆகாது.

எதிர்த்திசையில் ஒரு பொறியும் உண்டு. நீங்களே புதிதாக ஒன்று செய்து, விண்ணப்பிக்கும் முன்பே ஊரறிய ஓட்டினால் உங்கள் பயன்பாடே உங்களுக்கு எதிராக நிற்கும். அறுவடை வண்டியைக் கொட்டகைக்குள் வைத்துச் சோதிக்க முடியாது. கதிர் வயலில்தான் இருக்கிறது, வரப்பு ஊருக்குப் பொது. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்திருக்கிறார்கள். கண்டுபிடிப்பின் தன்மையால் பொதுவிடத்தில்தான் சோதிக்க முடியும் என்றால், நியாயமான சோதனைக்காக மட்டும் ஓட்டியது விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் இருந்தால் அது உரிமையைக் கெடுக்காது என்கிறது 32ஆம் பிரிவு. ஆனால் அதே வண்டியில் மணிக்கு வாடகை வாங்கிக்கொண்டு ஒரு பருவம் முழுக்க அறுத்துக் கொடுத்தால்? அது சோதனையா தொழிலா என்று எதிராளி கேட்பார். என் அறிவுரை: வாடகைக்கு விடும் முன் விண்ணப்பம்.

பட்டறைத் திருத்தங்களுக்குச் சிறு காப்புரிமை என்று தனிச் சட்டம் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஜெர்மனியில் 1891 முதல் இருக்கிறது, சீனாவிலும் ஜப்பானிலும் உண்டு. 2011இல் மத்திய அரசு ஒரு கருத்தறிக்கை வெளியிட்டது, அதற்கு மேல் போகவில்லை. போகாததில் எனக்கு வருத்தமில்லை. ஆத்தூரும் திருச்செங்கோடும் வளர்ந்தது ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததால். ஒவ்வொரு புல்லிக்கும் ஒரு சான்றிதழ் வந்தால் லேத்துக்காரர்கள் வக்கீல் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். உண்மையான கண்டுபிடிப்புக்கு இருபதாண்டு உரிமை, மற்றது எல்லோருக்கும் என்ற இப்போதைய பிரிப்பு இந்த ஊருக்கு நல்லது. ஆனால் அது நல்லபடி நடக்கப் பட்டறை அறிவு கோப்புக்குள் வந்து சேர வேண்டும்.

அதற்கு இங்குள்ள பொறியியல் கல்லூரிகள் ஒன்று செய்யலாம். இறுதியாண்டு மாணவர்களைப் பட்டறைக்கு அனுப்பி, அங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரைபடமாக்கி, தேதியோடு வெளியிடச் சொல்லுங்கள். வெளியான ஆவணம் என்றால் ஆய்வாளரின் தேடலில் அகப்படும். எதற்கும் உதவாத புராஜெக்ட் புத்தகங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும் அலமாரியில் இது ஒன்றாவது யாருக்காவது பயன்படும்.

பட்டறைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். புதிதாக ஒன்று தோன்றினால் மூடி வைக்காமல், வாடகைக்கு விடாமல், முதலில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைப் பதிவு செய்யுங்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும், அதற்குள் ஒரு சம்பாவும் ஒரு குறுவையும் வந்து போகும். சென்னையில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது, வழி கேட்கலாம். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வு மனுவுக்கு 4,000 ரூபாய்.